வெள்ளிக்கிழமையில் வந்த ஞாயிறு

2023 மார்ச் முதல் வாரம் நானும் என் மனைவியும் மஸ்கட்டில் இறங்கினோம். எனக்கு ஊருக்குள்ளேயே ரூவி என்ற பகுதியில், கட்டுமானச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலை. அவளுக்கு நர்சிங் படிப்பும் ஏழு வருஷ அனுபவமும் இருந்தது. ஆனால் சான்றிதழ்களைச் சோதிக்கிற டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, லைசென்ஸுக்கான புரோமெட்ரிக் பரீட்சை இரண்டும் முடியாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேர முடியாது. ஆக ஒருத்தர் சம்பளம், ஒரே அறை, ஊரிலிருந்து சுமந்து வந்த ஒரு குக்கர்.

ஓமானில் வாரம் தொடங்குவது ஞாயிறு, முடிவது வியாழன். 2013 மே மாதத்துக்கு முன்னால் வியாழனும் வெள்ளியும் லீவாக இருந்ததாம்; அப்புறம்தான் வெள்ளி, சனி ஆனது. எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு எங்களுக்கு இல்லை. விசா அடிக்கும்போதே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் ஆபீஸ் வேனில் ஏறும்போது திருட்டுத்தனம் பண்ணுகிற மாதிரி இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் சர்ச்சில் முதல் மணி அடிக்கும்போது குளியல், இரண்டாம் மணி அடிப்பதற்குள் கறிக்குழம்பு அடுப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

ஊரில் எட்டரை மணி ஆராதனை என்றால் இங்கே ஏழு. போனில் நேரலை போட்டு, பால் டப்பாவில் சாய்த்து வைப்பாள். முதல் பாட்டு முடிவதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்துவிடுவான். பாவ அறிக்கை வரைக்கும்தான் எனக்குக் கிடைக்கும். "மன்னிப்பு வாங்காமலே ஓடுதீங்க அத்தான்" என்பாள். பிரசங்கம் நடக்கிற நேரத்தில் நான் வாதி கபீர் சிக்னலில் நிற்பேன். அவள் அந்த அறையில் தனியாக எழுந்து நின்று, உட்கார்ந்து, ஆமென் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த வாரங்களில் வேலை கஷ்டம் என்று நான் புலம்பியதெல்லாம் இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எனக்காவது திட்டுவதற்கு ஆள் இருந்தார்கள்.

திட்டு வாங்கியது மூன்றாவது தசம ஸ்தானத்தால். ஆயிரம் பைசா சேர்ந்தால் ஒரு ரியால். இரண்டு ஸ்தானத்திலேயே ஊறிப்போன கை என்னுடையது. 5 சதவீத வாட் போட்டால் மூன்றாவது ஸ்தானத்தில் ஏதாவது வந்து நிற்கும். என் எக்செல் அதை ரவுண்ட் பண்ணித் தின்றுவிடும். சப்ளையர் ஸ்டேட்மென்டுக்கும் எங்கள் கணக்குக்கும் ஐந்து பைசா, எட்டு பைசா என்று இடித்தது. காசாக ஒன்றுமில்லை. ஆனால் டேலி ஆகாத எட்டு பைசா அக்கவுண்டன்டைத் தூங்க விடாது. அதற்கு மேல் ஒரு செக். எண்ணில் 1,347.500 என்று சரியாக எழுதியவன், எழுத்தில் வரும்போது பழக்கதோஷத்தில் 50/100 என்று போட்டுவிட்டேன். பேங்க் திருப்பி அனுப்பியது. பக்கத்து மேஜை மலையாளிச் சேட்டன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஐந்நூறு பை ஆயிரம்னு எழுதணும் மோனே, இது நாட்டுக்கணக்கல்ல" என்றார். எழுதிப் பழக ஒரு பக்கம் முழுக்க 500/1000 என்று எழுதினேன், இம்போசிஷன் மாதிரி.

வெள்ளிக்கிழமை சபை. சுல்தான் காபூஸ் கொடுத்த நிலத்தில் கட்டிய ஆலயங்கள் ரூவியில் இருக்கின்றன. ஒரே கட்டடத்தை மலையாளம், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மணிக்கணக்கில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் நேரம் முடியும்போது அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் பைபிளோடு நிற்பார்கள். நின்று பேச முடியாது. விசாரிப்பு, வேலைச் செய்தி, பழைய கட்டில் யாரிடம் கிடைக்கும் என்பதெல்லாம் கார் பார்க்கிங்கில்தான். அங்கேதான் ஒரு பெரியவர் தாமஸ் பிரெஞ்ச் கதையைச் சொன்னார். லாகூர் பிஷப் பதவியை விட்டுவிட்டு, 66 வயதில், 1891 பிப்ரவரியில் மஸ்கட் வந்தவர். மே மாதமே இறந்துபோனார். கல்லறை கடலோரத்தில் இருக்கிறது. "நீங்க வந்து எத்தனை வாரம் ஆச்சு?" என்று அடுத்து கேட்டார். அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 23 ரமலான் தொடங்கியது. நாங்கள் ஏற்கெனவே லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், இருந்தோம். பகலில் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நோன்பு இருக்கிறவர்களுக்கு ஆறு மணி நேர வேலை. இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு வழக்கம் போல. மத்தியானம் பேன்ட்ரி கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம்.

விசா, லேபர் கார்டு வேலையெல்லாம் பார்க்கிற மந்தூப் ஓர் ஓமானியப் பெரியவர். நன்றாக ஹிந்தி பேசுவார், என்னைவிட நன்றாக. என் டப்பாவில் தினமும் புளிக்குழம்பாகவே இருப்பதை எப்படியோ கவனித்திருக்கிறார். என்ன விஷயம் என்றார். எனக்கும் நோன்பு, நாற்பது நாள் கறி மீன் கிடையாது என்றேன்.

"தண்ணீர்?"

"குடிப்பேன்."

"சோறு?"

"சாப்பிடுவேன்."

"அப்புறம் என்ன நோன்பு அது?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலையில் என் மேஜையில் தட்டி, "உனக்கு எத்தனை பாக்கி?" என்று கேட்கத் தொடங்கினார். நான் என் எண்ணைச் சொல்வேன், அவர் அவருடையதைச் சொல்வார்.

புனித வெள்ளி சும்மாவே லீவு. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, வேலை நாள். விடியற்கால ஆராதனைக்கு நாலு மணிக்கு டாக்ஸி பிடித்தோம். ஊரில் அந்த நேரத்தில் நாய்கள்தான் முழித்திருக்கும். இங்கே தெருவெல்லாம் ஆள். ஜன்னலெல்லாம் வெளிச்சம், நோன்பு தொடங்குமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரம். டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் பேரீச்சம்பழம். பாங்கு சொல்வதற்குள் தண்ணீர் குடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எங்களிடம் சில்லறை வாங்காமலே போய்விட்டார்.

ஆராதனை முடிந்து நேராக ஆபீஸ். டப்பாவில் நாற்பது நாளைக்கு அப்புறம் ஆட்டுக்கறி, ராத்திரியே வைத்திருந்தாள். எட்டு மணிக்கு மந்தூப் மேஜையைத் தட்டினார். "முடிந்தது" என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கி, "எனக்கு இன்னும் இரண்டு வாரம்" என்றார்.

ஒரு மணிக்குச் சேட்டன் பேன்ட்ரிக்குக் கூப்பிட்டார். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் அந்தக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. இன்வாய்ஸ் பாக்கி இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன். இரண்டு மணிக்கு மந்தூப் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு டப்பாவைத் திறந்தேன்.