எடைக்குப் போன பாட்டு நோட்டு

தறி பார்க்கத்தான் போனேன். சென்னிமலையில் எங்களுக்குப் பெட்ஷீட் நெசவு. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் கசவு வேட்டி நெய்கிறார்கள், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஈரோட்டில் ரயில் ஏறினேன். (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் வேறு. சாயங்காலம் வரை வீட்டில் நான் அங்கேதான் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.) போன நேரம் தறிக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மா நிற்பதற்கு ஜூதப்பள்ளியைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் டீக்கடைக்காரர். யூதர்களின் ஜெபக்கூடத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்து. 1269இல் இறந்துபோன சாரா என்ற பெண்ணுடையது, இஸ்ரவேலின் மகள். நம் பக்கம் கொங்குச் சோழர் கல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்த காலம். கோயில் சுவரில் அந்தக் காலத்துப் பெண் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் விளக்குக்குப் பொன் கொடுத்தவளாக இருப்பாள். இவள் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. இருந்தாள், இறந்தாள், அவ்வளவுதான் கல்லில்.

உள்ளே தலைக்கு மேலே மர விதானம், செதுக்கி வண்ணம் தீட்டியது. வேதம் வாசிக்கும் மேடை கீழே ஒன்று, மாடியில் ஒன்று. இந்த இரட்டை மேடை கேரள யூதர்களுக்கே உரிய வழக்கம். மாடி மேடைக்குப் பின்னால் பெண்கள் உட்காருவார்கள். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. தொழத்தான் ஆளில்லை. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கூட்டு வழிபாடு. 1950களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகம். கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஜூதப்பள்ளிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அதன் உள் மரவேலைப்பாடு எருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. மட்டாஞ்சேரியில் நின்ற கட்டடம் 2019 மழையில் சரிந்தது.

கட்டடம்கூட எனக்கு அப்புறம்தான். வந்த பிறகு தேடிப் படித்ததில் பாட்டு நோட்டுகள்தான் மனசைப் பிடித்துக்கொண்டன. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடுவார்கள், ஆண்கள் இருக்கும்போதே. ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். கப்பல் ஏறினபோது அந்த நோட்டுகளும் போயின. ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு அவற்றைத் தேடிப் பிடித்து, பாட்டிகளைப் பாடச் சொல்லிப் பதிவும் செய்தார்கள். 2005இல் எருசலேமில் ஒரு தொகுப்பு வந்தது. அதற்கு வைத்த மலையாளப் பெயர் ‘கார்குழலி’. நமக்கு உரை வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருந்தது. அம்மிச்சிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. கும்மிப் பாட்டு, நலங்குப் பாட்டு, நடுவில் இரண்டு பக்கம் பால் கணக்கு. காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கும். வீட்டை இடித்துக் கட்டினபோது அட்டாலியில் இருந்ததையெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். நானேதான் தராசில் தூக்கி வைத்தேன். கிலோ எட்டு ரூபாய். கடல் தாண்டிப் போனவர்கள் கொண்டுபோனதை, ஊரைவிட்டு நகராதவன் வாசலிலேயே விற்றிருக்கிறேன்.

போன ஞாயிறு காங்கேயத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. செல்போனை முன்னால் வைத்துப் பாடச் சொன்னேன். “இப்ப எதுக்குக் கண்ணு அதெல்லாம்” என்று கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டுப் பாடினார். முதல் பாட்டு முழுசாக வந்தது. இரண்டாவதில் குக்கர் விசில் நாலு. மூன்றாவது பாட்டில் பாதியில் நின்றுவிட்டார்.

“அடுத்த அடி வரமாட்டேங்குது. உங்கம்மா எழுதி வெச்சிருப்பாளே, அந்த நோட்டுல பாரு கண்ணு.”