அனுசரிப்பும் தன்பரிவும்

கார்த்திகை, மார்கழியில் திருகோணமலைக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் படகுகள் கரையேறிவிடும். கடல் தொழிலை நம்பிய வீடுகளில் கைக்காசு வற்றும் மாதங்கள் இவை. அடகு வைத்த காப்பிலோ கட்டாத சீட்டுக்காசிலோ தொடங்கும் பேச்சு, "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்பதில் போய் முட்டும். பெரியவர்களோ, "அனுசரிச்சுப் போ பிள்ளை" என்பார்கள், பெரும்பாலும் மனைவியைப் பார்த்து.

எனக்கு அதில் உடன்பாடில்லை. மணவாழ்வின் இசைவை அளக்க 1976இல் குடும்ப ஆய்வாளர் ஸ்பேனியர் உருவாக்கிய 32 கேள்விகளில், ஒருவர் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார் என்பது அளவுகோலே இல்லை. காசு, மாமன் மாமி, வீட்டுவேலை ஆகியவற்றில் இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள், எதைச் சேர்ந்து செய்கிறார்கள் என்றுதான் அவை கேட்கின்றன.

அந்த இசைவைக் கெடுப்பது பல வேளை வெட்கம். தன் பிழையைப் பார்க்கவே தாங்காதவர் மன்னிப்புக் கேட்கமாட்டார், திருப்பித் தாக்குவார். தன்பரிவு, அதாவது தன் பிழையிலும் நோவிலும் தன்னையே பரிவோடு பார்ப்பது, உதவுவது இங்கேதான். 2003இல் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, பிழை எல்லாருக்கும் வரும் என்ற உணர்வு, நடப்பதைப் பெருப்பிக்காமலும் மறைக்காமலும் கவனிக்கும் விழிப்பு. பின்னர் அவரும் பெரெட்வாஸும் 104 சோடிகளிடம் செய்த ஆய்வில், தன்பரிவு கூடியவர்களை அதட்டி ஆளாதவர்கள், ஏற்றுக்கொள்பவர்கள் என்று சொன்னது அவர்களின் துணைகளே.

சண்டை நேரத்தில் செய்யவேண்டியது இது. தாடை இறுகி, நெஞ்சு படபடத்து, நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் காது கேட்டும் மனம் கேளாது. "எனக்குக் கோபம் ஏறுது, இருபது நிமிசத்தில வந்து கதைக்கிறன்" என்று நேரம் சொல்லி எழும்புங்கள். நேரம் சொல்லாமல் வாசலைத் தாண்டினால் மற்றவருக்கு அது விட்டுப்போனதாகவே படும். வெளியே நின்று பதிலடியை ஒத்திகை பார்த்தால் உடம்பு தணியாது. பாதம் நிலத்தில் படுவதைக் கவனித்து, மூச்சை மெதுவாக விடுங்கள். பிறகு உங்களுக்கே சொல்லுங்கள்: "இப்ப எனக்கு நோகுது. கடன் வந்தால் எவருக்கும் பயம் வரும். நான் சொன்னதில் எது பிழை?" இந்தக் கடைசிக் கேள்வியை விட்டால் எல்லாம் கழிவிரக்கமாகிவிடும். பேக்கர், மக்நல்ட்டி 2011இல் வெளியிட்ட ஆய்விலும், பொறுப்புணர்வு குறைந்த ஆண்களுக்குத் தன்பரிவு பிழைதிருத்தத் துணைவரவில்லை.

திரும்பி வந்ததும் முதலில் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்: "காப்பை அடகு வைச்சதை மறைச்சது என்ர பிழை." அதோடு "ஆனா நீ..." என்று ஒட்டினால் கேட்ட மன்னிப்பு செல்லாது. எதிரில் இருப்பவரிடம் "மூச்சை இழுத்து விடு" என்று பாடம் நடத்தவும் வேண்டாம். பெரிய சண்டைவரை காத்திராமல், தேநீர் ஆறிப்போன எரிச்சலில் பழகத் தொடங்கலாம்.

அடி, மிரட்டல் உள்ள வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே இலங்கையின் பெண்கள் உதவி இலக்கமான 1938ஐ அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.