இருவரில் ஒருவருக்கு ஒரு வீடு

2025 ஜனவரி 5, ஞாயிறு

மே 31ஆம் தேதியோடு எனக்கு வேலை முடிகிறது. 1987இல் தபால் துறையில் சேர்ந்தேன். 38 வருடம். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி ஐந்து வருடம் ஆகிவிட்டது. "நீயும் வந்துட்டா அப்புறம் சென்னையில நமக்கு என்ன வேலை?" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்விதான். மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கிய காலத்தில் பிள்ளைகள் படியில் ஓடி ஏறினார்கள். இப்போது அவர் மூட்டு வலியோடு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறுகிறார். கையில் பால் பாக்கெட் இருந்தால் முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் அதை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் நின்று, மாடியிலேயே அடைபட்டுக் கிடந்தோம். மகன் கனடாவில். மகள் பெங்களூரில்.

எங்கே போவது என்று யோசிப்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எழுதினால்தான் எனக்கு யோசனையே ஓடும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறோம். ராத்திரி தாம்பரத்தில் பொதிகை ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து பண்பொழி பக்கம் அவருடைய கிராமம். வயல், தென்னை, மேற்கே மலை, மலைமேல் திருமலைக்கோவில். இங்கே வந்து இறங்கியதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிடுகிறது. அது எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது, அதனால்தான் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

வீடு நல்ல வீடு. திண்ணை, பட்டாசல், அடுப்பங்கரை, புறவாசலில் கிணறு. ஓடு மாற்றி, கழிப்பறையை உள்ளே கொண்டுவந்தால் போதும் என்கிறார். பட்டா இன்னும் அண்ணன் தம்பி மூவர் பெயரிலும் கூட்டாகத்தான் இருக்கிறது. அதைப் பேசித் தீர்க்கலாம், மூத்தவர்கள் நல்லவர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "மைனி, இங்கனயே வந்துர வேண்டியதான?" என்றாள். சிரித்து வைத்தேன். இங்கே எல்லோருக்கும் நான் மைனி, மதினி, சித்தி. எல்லாமே அவர் வழியாக வந்த உறவு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று கவுண்டருக்கு ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையில் ஐந்தாறு பாஸ்புக். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது, அந்த ரப்பர் பேண்ட் வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்காரர் போய் மூன்று மாதம். எந்தக் கணக்கு யார் பெயரில், எது முதிர்ந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சொன்னேன். இரண்டில் நாமினியே போடவில்லை.

அதைவிட அவர் சொன்ன இன்னொன்றுதான் மனதில் நிற்கிறது. ரிட்டயர் ஆனதும் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு லேஅவுட்டில் தனி வீடு கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர். "அவர் இருந்தா பைக்ல கூட்டிட்டு வருவாரும்மா. இப்ப மெயின் ரோட்டுக்கே ஆட்டோ பிடிக்கணும்." மருந்து வாங்க, பென்ஷன் எடுக்க, கீரை வாங்கக்கூட.

38 வருடத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வீடு தேடுகிற நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து தேடுகிறார்கள். கடைசியில் அதில் இருக்கப்போவது ஒருவர். ஐந்து வருடமோ பதினைந்து வருடமோ, தனியாக.

இனி எந்த ஊரைப் பார்த்தாலும் என் கேள்வி இதுதான்: எங்களில் ஒருவர் இல்லாமல் போனால், மிஞ்சியவர் இங்கே குடித்தனம் நடத்த முடியுமா? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கோயம்புத்தூர் போய் வந்தோம். ஊருக்கு வெளியே, மூத்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. கோவையைச் சுற்றி இப்படி நிறைய வந்துவிட்டன.

மனசாரச் சொல்கிறேன், நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். வாசலில் படியே இல்லை, சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. கட்டில் ஓரத்தில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று என அழைப்பு மணி. மூன்று வேளையும் பொதுச் சமையலறையில் சாப்பாடு. ராத்திரியும் நர்ஸ் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சில இடங்களில் வீடு நம் பெயருக்குக் கிரயம் ஆகிறது. சில இடங்களில் பெரிய தொகையை டெபாசிட் வாங்கிக்கொண்டு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை மட்டும் தருகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் அங்கிருந்த மேலாளரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். ஒருவர் தவறிவிட்டால் மாதப் பராமரிப்புத் தொகை எவ்வளவு குறையும்? வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறதா? முதல் கேள்விக்கு, சாப்பாட்டுச் செலவு மட்டும் குறையும் என்றார். இரண்டாவதற்கு நேரான பதில் வரவில்லை.

தோட்டத்தில் ஒரு பாட்டியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "எல்லாம் பாத்துக்கறாங்க கண்ணு, ஒரு கொறையும் இல்லீங்க. கடைவீதிக்குப் போகோணும்னாத்தான் முன்னாடியே வண்டிக்குச் சொல்லோணும்" என்றார். போய் ரொம்ப நாளாச்சாம்.

எனக்குக் கடைவீதி வேண்டும். நானே போய்க் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எண்பது வயதில் அது முடியாமல் போகலாம், அறுபதிலேயே ஏன் விட வேண்டும்?

ஏப்ரல் 14, திங்கள்

மகள் வீட்டில் புத்தாண்டு. "இங்கேயே இருந்துடுங்கம்மா" என்று மனதாரத்தான் சொல்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருகிறார்கள். பதினான்காவது மாடி, கன்னடம் எங்கள் இருவருக்கும் தெரியாது. வந்து போகிற இடமாக இருந்தால்தான் இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மதிப்பு இருக்கும். அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டேன்.

மே 31, சனி

சால்வை, மாலை, கைக்கடிகாரம். பேசச் சொன்னார்கள், இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டபோதுதான் அழுகை வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிப்ரவரியிலிருந்து வைத்திருந்ததை இன்று காலை காப்பி குடிக்கும்போது சொன்னேன். "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஊர் தேட வேண்டாம். ஒருத்தர் இல்லாமப் போனா மத்தவர் எங்க இருப்பார்னு தேடுவோம்."

ரொம்ப நேரம் பேசவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, "சரி, எப்படித் தேடலாம்?" என்றார்.

ஒரு வாரம் தனித்தனியாக இருந்து பார்ப்பது என்று முடிவு. அவர் ஊரில். நான் ஸ்ரீரங்கத்தில். அங்கே அக்கா இருக்கிறாள். அத்தான் போய் மூன்று வருடம் ஆகிறது. அக்கா அந்த வாரம் மகன் வீட்டுக்குப் போகிறாள், வீடு சும்மாத்தான் கிடக்கும். நான் பிறந்ததும் படித்ததும் திருச்சி.

ஜூன் 19, வியாழன், ஸ்ரீரங்கம்

நான்காவது நாள். அக்கா வீடு தரைத்தளம். பால் நாலு வீடு தள்ளி, மருந்துக்கடை தெருமுனையில், காய்கறி நடக்கிற தூரம். நேற்று 1ஆம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது, ஒற்றை ஆளாகக் கையில் காசை எண்ணிக்கொண்டு இருக்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதில் ஏறிய பிறகுதான் புரிகிறது. நினைத்தால் ஏறலாம், நினைத்த இடத்தில் இறங்கலாம்.

மத்திய அரசு ஓய்வூதியருக்கான சி.ஜி.எச்.எஸ். மருந்தகம் திருச்சியில் இருக்கிறது. திருநெல்வேலியிலும் உண்டு, தென்காசியில் இல்லை. பத்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஆயுளுக்கும் அட்டை. அப்படியொரு மருந்தகம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி தருகிறார்கள். அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்குமே அது காணாது.

சாயங்காலம் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அம்மா, "நீங்க இன்னார் தங்கச்சிதானே?" என்று என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டார். உள்ளே வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவரும் நன்றாகவே இருந்திருக்கிறார். இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். சாரல் காலம், தினமும் நாலு பேர் திண்ணைக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்தார்கள். இருபது நாள் ஷேவ் பண்ணாதவர்போல வருவார் என்று நினைத்திருந்தேன், பளிச்சென்று வந்து இறங்கினார்.

ஒரு ராத்திரி மட்டும் தலைசுற்றல் வந்ததாம். கரண்ட் வேறு போயிருக்கிறது. பட்டாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்து விட்டாராம். விடிந்த பிறகு தென்காசி போய்ப் பார்த்திருக்கிறார், சர்க்கரை இறங்கியிருக்கிறது. "உனக்கு போன் பண்ணலாம்னு நினைச்சேன். நீ அங்கருந்து என்ன பண்ணுவன்னு விட்டுட்டேன்."

பக்கவாதம் என்றால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பார்கள். அந்த நேரம், முதல் அறிகுறி தெரிந்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். விடியட்டும் என்று காத்திருந்தால் போயிற்று. தென்காசியிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கு மேல்.

ஜூலை 6, ஞாயிறு

கணக்குப் போட்டோம். என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், அதுதான் உச்சவரம்பு. 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். அவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக ஆரம்பித்திருக்கிறேன். நான் போனாலும் முதிர்வுவரை அவர் அப்படியே தொடரலாம். என் பென்ஷனில் அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், ஆனால் முதல் சில வருடங்களுக்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாகக் குறைந்துவிடும். கம்பெனி வேலையில் இருந்த அவருக்குச் சொந்தப் பென்ஷன் ரொம்பச் சொற்பம்.

ஆக, பணத்தைப் பொறுத்தவரை நான் முந்தினால் அவர் கஷ்டப்படுவார். ஊரைப் பொறுத்தவரை அவர் முந்தினால் நான் கஷ்டப்படுவேன். அவருக்கு 65, எனக்கு 60. எது நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதைப் பேசும்போது இருவருமே ஒருவரை ஒருவர் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம்.

கடைசியில் அவர்தான் சொன்னார். "எனக்கு ஊர்ல ஆள் இருக்கு. நான் எங்க இருந்தாலும் அவங்க எனக்கு ஆள்தான், நினைச்சா ரெண்டு மாசம் போய் இருந்துட்டு வருவேன். நான் இல்லைன்னா உனக்கு அங்க யாரும் இல்லை."

ஊர் வீட்டை விற்பதில்லை. கழிப்பறையை மட்டும் உள்ளே கட்டிவிடுவது, சாரலுக்கு இரண்டு மாதம் போவது. மடிப்பாக்கம் வீட்டையும் இப்போதைக்கு விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாம். ஸ்ரீரங்கத்தில் வாங்குவதும் இல்லை, முதலில் 11 மாத ஒப்பந்தம். ஒரு வருடம் வெயில், மழை, வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் எல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

வீடு பார்க்க வந்த சாக்கில் அம்மாமண்டபம். நிற்க இடமில்லை. புதுத்தாலி மாற்றும் பெண்கள், காதோலை கருகமணி, வாழை இலையில் சித்திரான்னம். கூட்டத்தில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஏழு வீடு பார்த்தோம். ஐந்தில் படி. ஒன்றில் குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே யாராவது விழுந்தால் கதவைத் திறக்கவே முடியாது. ஏழாவது அக்கா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, தரைத்தளம். வீட்டுக்காரர் பிடிகம்பி போட ஒத்துக்கொண்டார். ஆடியில் வீடு மாற வேண்டாம் என்றாள் அக்கா, ஆவணிக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பால் காய்ச்சினோம். அக்கா அடுப்பு மூட்டினாள்.

செப்டம்பர் 10, புதன்

அட்டைப்பெட்டி எல்லாம் பிரித்தாகிவிட்டது. காலையில் அவர் கொள்ளிடக்கரை வரை நடந்துபோய் வருகிறார். மேற்கே மலை இல்லை என்று ஒருநாள் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மலைக்கோட்டையைக் காட்டி ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசியில் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

பீரோ கதவின் உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறோம். மேல்பாதி அவர் எழுத்து, எனக்காக: மின் இணைப்பு எண், கேஸ் புக்கிங் நம்பர், மோட்டார் சுவிட்ச் எது, வீட்டு வரி ரசீது எந்த ஃபைலில். கீழ்ப்பாதி என் எழுத்து, அவருக்காக: பாஸ்புக்குகள் எந்த டிராயரில், நவம்பரில் வாழ்வுச் சான்று, அரிசி ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டரை, குக்கர் மூன்று விசில்.

இன்று மதியம் அவர்தான் சாதம் வைத்தார். கொஞ்சம் குழைந்துவிட்டது. தாளில் இரண்டரையை அடித்துவிட்டு இரண்டேகால் என்று திருத்தியிருக்கிறார்.