முகத்துவாரத்துக்கு ஒரு வரி

"தூர்வார்றது வேணாம்னு எழுதிட்டீங்க, சரி. தண்ணி விடணும்னு எழுதினீங்களா சார்?"

வைகை கடலில் கலக்கும் இடத்திலுள்ள ஆற்றங்கரை என்ற ஊரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி வந்த மீனவப் பெரியவர் கேட்டார். அந்த முகத்துவாரத்தைத் தூர்வாருவது பற்றி நான் எழுதிய அறிக்கையைத்தான் சொன்னார். "அது இந்த அறிக்கையில் வராதுங்கய்யா" என்றேன். உண்மைதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

தூர்வார வேண்டாம் என்றதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கடல் கொண்டுவந்து போடும் மணலை வெளியே தள்ள ஆற்றில் ஓட்டம் வேண்டும். வைகையோ ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. அங்கே மிஞ்சினால்தான் கடலுக்கு. ஓட்டமில்லாமல் தோண்டினால் மறுபடி மூடிக்கொள்ளும், மூடும்வரை அந்த வழியாக உப்புநீர் உள்ளே ஏறும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஆற்றைக் காயவிட்டு முகத்துவாரத்தை ஆழமாக்குவது, ஊர்க் கிணறுகளைக் கடலுக்கு எழுதிக்கொடுப்பது மாதிரி.

அவரும் அதை மறுக்கவில்லை. கைபேசியில் ஒரு படம் காட்டினார். மணல்திட்டில் தரைதட்டிய நாட்டுப்படகை ஆறு பேர் தோள்கொடுத்துத் தள்ளுகிறார்கள். தண்ணீர் அவர்கள் கணுக்கால் அளவுதான். "வாய் அடைச்சுக்கிட்டா மடவைக் குஞ்சு உள்ள வராது சார், இறாலும் வராது."

பழைய வைகைப் பாசனத்தில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக்கு 7:3:2 என்று பங்கு. இந்த மூன்று எண்களில் கழிமுகம் இல்லை. பங்கை மாற்றச் சொல்வது என் வேலையும் இல்லை. முகத்துவாரத்துக்கும் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் மேலதிகாரிகள் அடித்திருப்பார்கள். அடித்த வரியாவது கோப்பில் கிடந்திருக்குமே என்றும் தோன்றுகிறது.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க அணையிலிருந்து தண்ணீர் விடுகிறோம். அதை வீண் என்று மதுரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் கரையில் நின்று கும்பிட்டிருக்கிறேன். அப்படியானால் பாசனம், குடிநீர் தவிர வேறொன்றுக்கும் ஆற்றில் தண்ணீர் விட நமக்கு மனசு வருகிறது. முகத்துவாரம் என்றதும் மட்டும் அதே தண்ணீர் 'கடலில் கலந்து வீணாகிறது'.

ஆனால் கண்மாய் நிரம்பாமல் நெல் கருகும் வருடத்தில் அந்த வரியை எழுத எனக்குத் துணிவு வருமா? அந்த விவசாயியும் அதே ராமநாதபுரத்துக்காரர்தான். நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் மட்டும் என்று நிபந்தனை போட்டு எழுதலாமா என்று இப்போது யோசிக்கிறேன். நல்ல மழை பெய்தால் வெள்ளமே மணலை உடைத்துக்கொண்டு போய்விடும். அவர் கேட்டது வறண்ட ஆண்டுக்கு.