வீட்டுப் பற்று

சாத்தூரில் என் பெற்றோர் நடத்திய மளிகைக் கடையின் பேரேட்டில், பற்று வைப்போரின் பெயர்களுக்கு நடுவே ‘வீடு’ என்று ஒரு பக்கம் எப்போதும் இருக்கும். சமையலுக்கு எடுத்த துவரம்பருப்பையும், பள்ளி விட்டு வந்ததும் நான் ஜாடியிலிருந்து எடுத்துத் தின்ற கடலை மிட்டாயையும் அம்மா அதில் விற்பனை விலைக்கே எழுதி, மாதப் பிறப்பன்று வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எண்ணிக் கல்லாவில் போட்டுவிடுவார். நம் கடைச் சரக்குக்கு நாமே ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். “இதில் பாதி இன்னும் விருதுநகர் மொத்த வியாபாரியின் சரக்குத்தான் தம்பி, அவருக்கு நாம் பணம் கட்டவில்லையே” என்றார்.

மதுரையில் நான் சொந்தமாக அச்சகம் தொடங்கியபோது இதை மறந்துபோனேன். வேலை குவிந்தது, கையில் வந்த முன்பணத்தை வருமானம் என்று எண்ணி வீட்டுக்குச் செலவழித்தேன், காகித வியாபாரிக்குத் தவணை தவறியது. பிறகுதான் எனக்கென்று மாதச் சம்பளம் வகுத்துக்கொண்டு, வங்கிக் கணக்கையும் தனியாகப் பிரித்தேன்.

பெற்றோரின் கணக்கு எதற்காக என்பது எனக்கு முழுமையாக விளங்கியது 2016 நவம்பர் 8-க்குப் பின்னர்தான். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட அன்றிலிருந்து, சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கூலி வாங்கிவந்த தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்கள் கைச்செலவுக்கே திண்டாடின. அப்பா அத்தனை பேருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் தயங்காமல் கடனுக்குக் கொடுத்தார். பிஸ்கட்டும் குளிர்பானமும் மட்டும் ரொக்கத்துக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கு அந்தத் துணிவு வந்தது, பல ஆண்டுகளாகப் பதினைந்தாம் நாள் தவறாமல் பணம் கட்டியதால் மொத்த வியாபாரி கேள்வி கேட்காமல் சரக்கு அனுப்பியதால்தான். கல்லாவில் வீட்டுக் கை படாததால்தான் அந்தப் பதினைந்தாம் நாள் ஒருபோதும் தப்பவில்லை.

அம்மாவின் கவனம் வேறொரு பக்கம் இருந்தது. பாக்கி ஏறியதும் கூச்சப்பட்டு, கடைப்பக்கம் வராமல் சுற்றுத் தெரு வழியாகப் போனவர்களை அவர் கவனித்து வைத்திருந்தார். அப்படி ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய், “பாக்கி கிடக்கட்டும் தாயி, நீ வந்து அரிசி வாங்கிட்டுப் போ” என்று அழைத்து வந்தார். கடன்பட்டவர் முகத்தை மறைத்துக்கொள்ளும்படி விட்டால், பணம் கைக்கு வந்ததும் அவர் அடுத்த கடைக்குத்தான் போவார். பாக்கியும் போகும், ஆளும் போவார். ஆனால் அம்மா இலாப நட்டம் பார்த்து அங்கே போனதாக நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தது அவருக்குத் தெரியும். அந்தப் பெண் தைப் பொங்கலுக்குப் பிறகு, வாரம் நூறு ரூபாயாகப் பாக்கியைக் கட்டி முடித்தார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி முற்றியதால் 2019-இல் கடையைக் கைமாற்றினோம். அன்று மாலை, வாங்க வந்தவர் சாவிக்காகக் காத்திருக்க, அம்மா ‘வீடு’ பக்கத்தைக் கூட்டி, வந்த தொகையைச் சில்லறை உட்பட எண்ணிக் கல்லாவில் போட்டார். அப்பா அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.