பங்குனி வெயிலும் ஒரு டம்ளர் சர்பத்தும்

பங்குனி பாதிகூட ஆகவில்லை, அதற்குள் கும்பகோணம் மகாமகக் குளத்துப் படியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. வெயில் வந்தால் என் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். காலை 7 மணிக்குள் இட்லி, கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்து, தேங்காய், சோம்பு வாசனையோடு இலையில் ஓடும். அதைத் தள்ளிவிட்டு சாம்பார் கேட்பவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை, பாவம்.

மதியம் ஓட்டல் பக்கமே போவதில்லை. போன வாரம் போய், ஓடாத மின்விசிறிக்குக் கீழே மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் தள்ளுவண்டி நன்னாரி சர்பத். எலுமிச்சையைப் பிழிந்து, ஊறிய சப்ஜா விதையை ஒரு கரண்டி போட்டுவிட்டு அக்கா கேட்பார்: "ஐஸ் போடவா தம்பி?"

"வேணாம்க்கா, பானைத் தண்ணியே போதும்."

அப்புறம் 8 மணிக்கு, வெயிலாவது மண்ணாவது, பித்தளை டபராவில் சுடச்சுட டிகிரி காபி.