உப்பி உட்கார்ந்திருந்த குருவி

பாளையங்கோட்டைக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று ஜோடியாக விற்கப்படுபவை, உண்மையில் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் என்னும் சிறு கிளிகள். அந்தப் பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளி வளர்க்கும் ஆசையை நான் இவற்றைக் கொண்டு தீர்த்துக்கொண்டேன்.

முதலில் வாங்கிய ஜோடியில் மூக்குத்தோல் நீலமாக இருந்தது ஆண், பழுப்பாக இருந்தது பெட்டை. ஒரு மார்கழிக் காலையில் அந்த ஆண் குருவி பஞ்சுருண்டைபோல் இறகுகளை உப்பிக்கொண்டு கண் செருகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, குளிருக்குத் தூங்குகிறது என்று விட்டுவிட்டேன். “தூங்கலலே, அதுக்கு மேலுக்கு முடியாமல்லா இருக்கு” என்றார் ஆச்சி. கோழி வளர்த்த கண் அவருடையது. மறுநாள் அது கூண்டின் தரையில் கிடந்தது.

நோய் வெளியே தெரிந்தால் வேட்டைப் பறவைக்கு இரையாகிவிடும் என்பதால், காட்டில் இவ்வினம் முடியாமையைக் கடைசி வரை மறைத்தே பழகியது. வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. நலமாக உள்ள குருவி பெரும்பாலும் ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி, அலகை முதுகில் புதைத்துத்தான் தூங்கும். தூங்குமுன் அலகை நறநறவென்று அரைப்பது அது நிம்மதியாக இருப்பதன் அடையாளம். பகலில் இரு கால்களையும் ஊன்றி உப்பி உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் அது தூக்கமன்று. இப்போதெல்லாம் காலையில் கூண்டின் துணியை விலக்கியதும் நான் முதலில் பார்ப்பது அடியில் விரித்த செய்தித்தாளைத்தான்: கரும்பச்சைச் சுருளும் அதன்மேல் வெள்ளையுமாக எச்சம் இருந்தால் கவலையில்லை.

தினையை மட்டும் போட்டு வளர்த்தால் குருவி கொழுத்து ஈரல் கெடும் என்பதால், கழுவிய முருங்கைக்கீரையும் துருவிய கேரட்டும் கொடுக்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்குத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் கணவாய் மீனின் ஓட்டைக் கம்பியில் கட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் குச்சிக்குப் பதிலாகக் கொய்யாக் கிளையை வைத்தால், ஒரே தடிமனில் நின்று பாதம் புண்ணாகாது; கொறிக்கவும் ஆகும். அக்கினி நட்சத்திர வெயிலில் சிறகை உடம்பைவிட்டு அகற்றி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால், கூண்டை உடனே நிழலுக்கு மாற்றி, தட்டையான தட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். நான்ஸ்டிக் தவாவை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எழும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இரும்புத் தோசைக்கல்தான்.

வளர்ந்த குருவியின் எடை பொதுவாக 30 முதல் 40 கிராம். அதில் இரண்டு கிராம் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். சென்ற ஞாயிறு 36 கிராம் இருந்த பெட்டை இந்த ஞாயிறு 33 காட்டியது. தின்கிறது, கத்துகிறது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நாளைக் காலை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல, அட்டைப்பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டு வைத்திருக்கிறேன்.